அந்தக் குழந்தைக்கு எந்தப் படகு?

அந்த வழக்குக் கட்டில் இருந்த ஆவணங்களில் பெரும்பாலானவை எந்த நுகர்வோர் வழக்கிலும் இருப்பவை. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி, நான் அனுப்பிய நோட்டீஸ், அதற்கு வந்த பதில். ஒன்று மட்டும் வேறு வகை. நான்கு வயதுப் பெண் குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை அது. அதில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தன. கப்பலில் அபாயச் சங்கு ஊதினால் அந்தக் குழந்தை எந்தக் கூடுமிடத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து எந்த உயிர்காப்புப் படகில் ஏற வேண்டும் என்பதற்கான குறி. அதே கப்பலில் பயணம் செய்த அதன் அம்மாவின் அட்டையில் வேறு எழுத்து, வேறு எண்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எதுக்கு மேடம் மார்க் பண்றீங்க?" என்று கேட்டார். வழக்கின் உயிரே அதில்தான் இருந்தது. அதை ஆணையத்துக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

என் கட்சிக்காரர்கள் மந்தைவெளியில் இருக்கும் குடும்பம். பெரியவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது முடிந்து திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்துகொண்டார்கள். அதன் தொடர்ச்சியாக, குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரு கப்பல் பயணம் போக வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டார். 2023 மே மாதம், பள்ளி விடுமுறை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, ஃபூக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம். பெரியவரும் அவர் மனைவியும். மகன், மருமகள், ஒன்பதும் ஆறும் வயதுள்ள இரண்டு பையன்கள். மகள், மாப்பிள்ளை, நான்கு வயதுப் பெண், பத்து மாதக் கைக்குழந்தை. ஆக மொத்தம் பத்துப் பேர்.

சென்னையில் ஒரு பயண முகவரிடம் போனார்கள். விமானச் சீட்டு, சிங்கப்பூரில் ஓர் இரவு ஓட்டல், கப்பலில் மூன்று பால்கனி அறைகள், எல்லாம் சேர்த்து 9 லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். பணம் கட்டுவதற்கு முன் மகன் முகவர் அலுவலகப் பெண்ணிடம் வாட்ஸ்அப்பில் கேட்டவை வழக்கில் முக்கியமாயின. "அம்மாவுக்கு ராத்திரியில சுகர் இறங்கிடும். தங்கச்சி ரூமும் அம்மா ரூமும் நடுவுல கதவு இருக்கிற மாதிரி வேணும். எங்க ரூம் பக்கத்துலயே இருந்தா போதும்." பதில் சில நிமிடத்தில் வந்திருந்தது: "கண்டிப்பா சார். மூணும் ஒரே இடத்துல. ரெண்டுக்கு நடுவுல கதவு. நான் பாத்துக்கறேன் சார்."

பெரிய குடும்பங்கள் கப்பல் அறை எடுக்கும்போது கேட்க வேண்டியதை அந்த மகன் சரியாகவே கேட்டிருந்தார். பலருக்கு இது தெரிவதில்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அறைகள் வேறு. நடுச்சுவரில் கதவு வைத்த இரண்டு அறைகள் வேறு. முதல் வகையில் ஒருவர் அறையிலிருந்து இன்னொருவர் அறைக்குப் போக நடைவழிக்கு வந்து, சாவி அட்டையைக் காட்டித் திறக்க வேண்டும். இரண்டாவது வகையில் உள்கதவைத் திறந்து வைத்தால் இரண்டு அறையும் ஒரு வீடாகிவிடும். பால்குடிக் குழந்தையும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு அந்தக் கதவின் மதிப்பு பால்கனியைவிடப் பெரிது என்பது என் கருத்து. கப்பலில் அப்படிப்பட்ட அறைகள் குறைவு. பள்ளி விடுமுறைப் பயணங்களில் அவைதான் முதலில் போய்விடும்.

மகளுக்குத் தன் அறையில் பால்கனியே வேண்டாம் என்று எண்ணம். நாற்காலியைக் கண்டால் ஏறிவிடும் வயது அவருடைய மூத்த குழந்தைக்கு. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள அறை போதும் என்று கேட்டிருக்கிறார். முகவர் அலுவலகம்தான், மூன்றும் ஒரே வகையாக இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும் என்று சொல்லிப் பால்கனிக்குச் சம்மதிக்க வைத்தது. அதற்கான கூடுதல் பணத்தையும் குடும்பம் கட்டியது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அறை எண்கள் வந்தன. 9112, 9113. மூன்றாவது அறை ஆறாம் தளத்தில், கப்பலின் முன்முனையில். முகவர் அலுவலகத்தின் செய்தி: "ரெண்டு ரூம் அடுத்தடுத்து கிடைச்சிருக்கு சார். ஒண்ணு மட்டும் கொஞ்சம் தள்ளி. கப்பல்ல போய் மாத்திக்கலாம்."

கப்பலில் ஏறிய பிறகு அந்த 'அடுத்தடுத்து' என்ன என்று தெரிந்தது. அந்தக் கப்பலில் இரட்டைப்படை எண்கள் ஒரு பக்கமும் ஒற்றைப்படை எண்கள் மறுபக்கமும் இருந்தன. பல கப்பல்களில் இதுதான் வழக்கம். 9112-இன் பக்கத்து அறை 9114. 9113-க்குப் போக வேண்டுமென்றால் கப்பலின் அகலம் முழுவதையும் கடந்து மறுபக்க நடைவழிக்குப் போக வேண்டும். தளவரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் முகவர் அலுவலகத்தில் யாருக்கும் இது தெரிந்திருக்கும். அந்த வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, மூன்று அறைகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தாக்கல் செய்தேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது வசதிக் குறைவைப் பற்றிய சாதாரண வழக்கு. அடுத்ததுதான் குடும்பத்தை என்னிடம் அழைத்து வந்தது. ஆறாம் தளத்து அறை பெரியவர் பெயரிலும் அவர் மனைவி பெயரிலும் இருந்தது. மூன்றாவது பெயர் அந்த நான்கு வயதுக் குழந்தையுடையது. மகள், மாப்பிள்ளை, கைக்குழந்தை மூவரும் ஒன்பதாம் தளத்தில்; மூத்த குழந்தை மட்டும் மூன்று தளம் கீழே, தாத்தா பாட்டியின் அறையில், கூரையிலிருந்து இறங்கும் மேல்கட்டிலில். ஏணி வைத்து ஏற வேண்டிய கட்டில். அதில் நான்கு வயதுக் குழந்தையைப் படுக்க வைக்க எந்தத் தாயும் துணியமாட்டாள். மூட்டுவலிக்கார தாத்தா இரவில் எழுந்து ஏணி ஏறி அதைப் பார்க்கவும் முடியாது.

வரவேற்பு மேசையில் போய்க் கேட்டிருக்கிறார்கள். மகளின் அறையான 9113-இல் நான்காவது கட்டில் ஒன்று கூரையோடு மடக்கிப் பூட்டியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. அதைத் திறந்து குழந்தையின் பெயரை அங்கே மாற்றுங்கள் என்று கேட்டார்கள். ஊழியர்கள் பொறுமையாகப் பேசினார்கள், முடியாது என்றார்கள். அந்தப் பகுதியில் இடம் நிறைந்துவிட்டது என்பதே பதில். கட்டில் கண்ணெதிரே இருக்கும்போது என்ன இடம் நிறைந்தது என்று குடும்பத்தில் யாருக்கும் புரியவில்லை.

கப்பல் புறப்படும் முன் ஒவ்வொரு பயணியும் தன் கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்ட வேண்டும். மகள் இரண்டு குழந்தைகளோடும் தன் கூடுமிடத்துக்குப் போனார். அவர் அட்டையும் கைக்குழந்தையின் அட்டையும் பதிவாயின. மூத்தவளின் அட்டை பதிவாகவில்லை. ஊழியர் கருவியைப் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தை இங்கே இல்லை, இவளுடைய இடம் வேறு என்று சொல்லி வழியைக் காட்டினார். பிறகு அந்தக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டிய பட்டைதான் எங்கள் வழக்குக் கட்டில் இருந்தது.

மகள் என் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "ராத்திரி அவளை என்கிட்டதான் படுக்க வெச்சுக்கிட்டேன் மேடம். இவர் போய் அந்த மேல்கட்டில்ல படுத்துக்கிட்டார். ஆனா நாலு ராத்திரியும் தூங்கல. மணி அடிச்சா இவளை எங்க தூக்கிட்டு ஓடணும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். என் லிஸ்ட்ல இவ பேரு இல்ல. அவ லிஸ்ட்ல நான் இல்ல." இதில் ஓர் இரவு பாட்டிக்குச் சர்க்கரை இறங்கி, மகன் ஒன்பதாம் தளத்திலிருந்து ஆறாம் தளத்தின் முன்முனைவரை ஓடியிருக்கிறார்.

பூட்டிய கட்டிலின் காரணத்தை எனக்குச் சொன்னவர் தூத்துக்குடிக்காரர் ஒருவர். பயணிகள் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் சீனியர் மூலமாக அறிமுகம். தளவரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "பாருங்கம்மா, ரூம்ல நாலு கட்டில் இருக்கலாம். ஆனா அந்த ரூமுக்குன்னு எழுதிவெச்ச போட்ல நாலு பேருக்கு இடம் மிச்சம் இருக்கணும்லா? கட்டிலை எண்ணி ஆளைச் சேர்க்க முடியாது. போட்டை எண்ணித்தான் சேர்க்கணும்."

பிறகு படித்துப் பார்த்தபோது அது எவ்வளவு ஆழமான விதி என்று தெரிந்தது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் 2,200-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்குத்தான். அந்த மரணங்களிலிருந்து 1914-இல் பிறந்தது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை. கடல்துறையில் சோலாஸ் என்பார்கள். இப்போது நடப்பில் இருப்பது பலமுறை திருத்தப்பட்ட 1974-ஆம் ஆண்டின் வடிவம். கப்பலில் இருக்கும் ஒவ்வோர் உயிருக்கும் படகிலோ உயிர்காப்புத் தெப்பத்திலோ இடம் வேண்டும், உயிர்காப்பு அங்கி வேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் கைக்குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சிறிய அங்கி இருந்தாக வேண்டும். 2012-இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளைக் கூடுமிடத்துக்கு வரவழைக்க வேண்டும் என்றும் விதி இறுகியது. அறை எண்தான் கூடுமிடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே அறையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம், ஆபத்து நேரத்தில் யார் யாரோடு நிற்பார்கள் என்பதையும் அப்போதே தேர்ந்தெடுத்துவிடுகிறது. விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்கு இதைச் சொல்ல வேண்டியவரும் அவரே.

இனி, அந்தக் குழந்தை ஏன் ஆறாம் தளத்துக்குப் போனது? இதைக் கண்டுபிடிப்பதுதான் வழக்கு.

நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் வாக்குமூலங்களின் மீதும் ஆவணங்களின் மீதுமே நடக்கும். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அபூர்வம். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தருகிறது. சென்னை பூங்கா நகரில் உள்ள மாவட்ட ஆணையத்தில் முறையீட்டைத் தாக்கல் செய்தோம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் உள்ள வழக்கு என்பதால் கட்டணம் 200 ரூபாய். முகவரின் பதிலுரை வந்ததும் எழுத்து வடிவில் ஒரு கேள்விப் பட்டியலையும், ஆவணங்களைத் தாக்கல் செய்யக் கோரும் மனுவையும் போட்டேன். எந்தத் தேதியில் எத்தனை பேருக்கு அறை கேட்டீர்கள்? கப்பல் நிறுவனத்துக்கு எவ்வளவு செலுத்தினீர்கள்? எந்த வகைக் கட்டணத்தில்? கைக்குழந்தையின் பெயரை என்று சேர்த்தீர்கள்?

பதில் தர மனமில்லாமல் சில வாய்தாக்கள் ஓடின. ஆணையம் உத்தரவு போட்ட பிறகு காகிதங்கள் வந்தன. இரண்டு செய்திகள் அவற்றில் இருந்தன.

ஒன்று, முதல் பதிவில் கைக்குழந்தையின் பெயரே இல்லை. ஒன்பது பேருக்குத்தான் அறை எடுத்திருந்தார்கள். குடும்பம் முதல் நாளே பத்துப் பேரின் கடவுச்சீட்டு நகல்களையும் அனுப்பியிருந்தது. முகவர் அலுவலகம் விமானச் சீட்டு போடும் பழக்கத்தில் கப்பலுக்கும் பதிவு செய்திருக்கிறது. விமானத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் உட்காரும், அதற்கு இருக்கை கிடையாது, கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். கப்பலில் மடி என்ற ஏற்பாடே இல்லை. பத்து மாதக் குழந்தையும் ஓர் ஆள்தான், படகில் அதற்கும் ஓரிடம். பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெயரைச் சேர்க்கப் போனபோது, நான்கு பேர் தங்கும் அறைகள் தீர்ந்திருந்தன. மகளின் அறையோ மூன்று பேருக்கானது. தாயிடமிருந்து கைக்குழந்தையைப் பிரிக்க முடியாது. ஆகவே மூத்தவளின் பெயரை எடுத்து, தாத்தா பாட்டியின் பதிவில் ஒட்டினார்கள். குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது செய்தி பணம் பற்றியது. கப்பல் அறைகளை இரண்டு விதமாக விற்பார்கள். தளவரைபடத்தில் இந்த அறைதான் வேண்டும் என்று எண்ணைக் குறித்து வாங்குவது ஒரு விதம். வகையை மட்டும் சொல்லிவிட்டு, எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனம் கடைசியில் தீர்மானிக்கட்டும் என்று விடுவது இன்னொரு விதம். இரண்டாவதில் விலை குறைவு. இரண்டு பேர் மட்டும் போகிறார்கள், எங்கே கிடைத்தாலும் சரி என்றால் அது நல்ல பேரம். பத்துப் பேர் குடும்பத்துக்கு, அதுவும் குழந்தைகளோடு, அதை எடுத்துத் தரவே கூடாது. மூன்று அறைகளும் மூன்று மூலைக்குப் போகும், யாரையும் குறை சொல்லவும் முடியாது. முகவர் எடுத்திருந்தது இந்த இரண்டாவது வகை. குடும்பத்திடம் வாங்கியிருந்தது முதல் வகைக்கான விலை. அறை எண் கடைசிவரை வராததற்குக் காரணம் அதுதான்.

எதிர்த்தரப்பின் வாதங்கள் பலமானவை. அவற்றை எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முதல் வாதம்: நாங்கள் வெறும் ஏஜென்ட். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆம் பிரிவுப்படி, தன்னை அமர்த்திய முதல்வருக்காக ஒப்பந்தம் செய்யும் முகவரைத் தனிப்பட்ட முறையில் கட்டுப்படுத்த முடியாது. குறை இருந்தால் கப்பல் நிறுவனத்திடம் போங்கள். இதற்கான பதில் அவர்களுடைய பில்லிலேயே இருந்தது. கமிஷனுக்கு மட்டும் வேலை செய்யும் முகவர், கமிஷன் தொகைக்குத்தான் 18 சதவீத ஜி.எஸ்.டி. போடுவார். இவர்கள் மொத்தத் தொகைக்கும் சுற்றுலா நடத்துநருக்கான 5 சதவீதத்தைப் போட்டிருந்தார்கள். அதோடு வருமான வரிச் சட்டத்தின் 206சி(1ஜி) பிரிவின்கீழ் டி.சி.எஸ். பிடித்திருந்தார்கள். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவு, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் பிடிக்க வேண்டிய வரியைச் சொன்னது. வரித்துறையிடம் விற்பவர் என்று சொல்லிவிட்டு ஆணையத்திடம் தூதுவர் என்று சொல்ல இயலாது என்று வாதிட்டேன். ஆணையத் தலைவர் பில்லை வாங்கி நிதானமாகப் படித்தார். அன்று அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வாதம் வெளிநாட்டு நீதிமன்றம் பற்றியது. பயணச்சீட்டு ஒப்பந்தத்தில், எந்த வழக்கானாலும் குறிப்பிட்ட வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்று ஒரு பிரிவு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் கார்னிவல் குரூஸ் லைன்ஸ் எதிர் ஷூட் வழக்கில் அப்படிப்பட்ட பிரிவைச் செல்லும் என்றது. வாஷிங்டன் மாநிலத்துப் பெண்மணி ஒருவர் கப்பலில் வழுக்கி விழுந்து காயப்பட்டார். பயணச்சீட்டில் அச்சிட்டிருந்த பிரிவின்படி அவர் நாட்டின் மறுகோடியில் உள்ள ஃபுளோரிடாவில்தான் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பின் நகலையே கொண்டுவந்தது. இதை எதிர்பார்த்துத்தான் கப்பல் நிறுவனத்தை நான் வழக்கில் சேர்க்கவில்லை. ஒப்பந்தப் பிரிவு நியாயமற்றது என்று வாதாடுவதாக இருந்தால் 2019 சட்டப்படி அது மாநில ஆணையத்தின் வேலை. மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. எங்கள் வழக்கோ சென்னை முகவர் சென்னையில் கொடுத்த வாக்கைப் பற்றியது. பயணச்சீட்டில் முகவர் ஒரு தரப்பே அல்ல. 34-ஆம் பிரிவு முறையீட்டாளர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கப்பலை விட்டுவிட்டு முகவரை மட்டும் பிடிப்பதா என்று பெரியவருக்கு ஆரம்பத்தில் வருத்தம். "கப்பல்காரன் தப்பு எதுவும் பண்ணலைங்க ஐயா, அவன்கிட்ட கேட்ட மாதிரிதான் கொடுத்திருக்கான்" என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது, புகைப்படங்கள். குடும்பம் கப்பலில் சிரித்துக்கொண்டு எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து, பயணத்தை நன்றாக அனுபவித்தார்கள் என்பதற்குச் சான்றாகப் போட்டார்கள். எழுபது முடிந்த அப்பாவுக்கு முன்னால் பிள்ளைகள் வேறு எப்படி நிற்பார்கள் என்று கேட்டேன். அந்த இரவுகளில் மகள் மகனுக்கு அனுப்பிய செய்திகளையும் நேரத்தோடு காட்டினேன். நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்ததற்கு அவையே சாட்சி.

என்னைக் கோபப்படுத்தியது இன்னொரு வாதம். "கண்டிப்பா சார்" என்று எழுதிய பெண் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை, அவர் தன் அதிகாரத்தை மீறி வாக்குக் கொடுத்துவிட்டார், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று வாக்குமூலத்தில் எழுதியிருந்தார்கள். உரையாடல் முழுவதையும் படித்தால் அந்தப் பெண் எவ்வளவு அக்கறையாகப் பேசியிருக்கிறார் என்று தெரியும். கதவு வைத்த அறை வேண்டும் என்பதை உரிமையாளருக்கு அவர் அனுப்பியதும் அந்த ஆவணங்களிலேயே இருந்தது. கப்பல் அறைகளைப் பற்றி அவருக்கு யாரும் ஒன்றும் கற்றுத்தரவில்லை. விற்பனை இலக்கை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். முகவர் தம் தொழிலின்போது செய்த தவறான எடுத்துரைப்பு முதல்வரையே சேரும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 238-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நிறுவனத்துக்கு அந்தப் பெண் அப்படிப்பட்ட முகவர்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். லாபத்தை மேலே வைத்துக்கொண்டு பழியைக் கீழே இறக்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதை என் எழுத்து வாதத்தில் தனிப் பத்தியாகவே எழுதினேன்.

இடையில் சமரசத்துக்கும் அனுப்பினார்கள். முகவர் அடுத்த பயணத்துக்கு ஒரு லட்ச ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "வக்கீலம்மா, இவங்க இன்னமும் ரூம் விக்கிற கணக்குலயே பேசறாங்க. அந்தக் குழந்தை எந்தப் படகுல ஏறியிருக்கும்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றார். முகவரிடம் அதற்குப் பதில் இல்லை. சமரசம் அங்கேயே முடிந்தது.

இறுதி வாதத்தின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர், யார் எந்த அறையில் தூங்கினாலும் கப்பலில் யாரும் கேட்கப் போவதில்லை, குழந்தை அம்மாவிடம்தானே தூங்கியது, என்ன இழப்பு என்று கேட்டார். தூங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம், பெயர் எழுதிய பட்டியலைப் பயணி மாற்ற முடியாது என்று சொல்லி, சோலாஸ் விதிகளின் சுருக்கத்தையும் இரண்டு கூடுமிடங்களையும் குறித்த தளவரைபடத்தையும் கொடுத்தேன். பெண் உறுப்பினர் வரைபடத்தில் விரலை வைத்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழி தேடினார். எத்தனை படிக்கட்டு என்று கேட்டார். சொன்னேன். கையில் குழந்தையோடு கூட்டத்துக்கு எதிராக ஒரு தாய் அந்தப் படிகளில் இறங்கியிருக்க வேண்டும் என்று தீர்ப்பில் ஒரு வரி வந்தது.

2024-இல் தீர்ப்பு வந்தது. சேவைக் குறைபாடும் நேர்மையற்ற வணிக முறையும் நிரூபணமாயின என்று ஆணையம் கண்டது. இரண்டு வகைக் கட்டணங்களுக்கும் இடையிலான தொகையை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு 75,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாயும் தரவும் உத்தரவிட்டது. நாங்கள் கேட்டது இதைவிட அதிகம். ஆனாலும் எனக்கு மனநிறைவு தந்தது கடைசிப் பத்தி. அறை எண் முன்பே குறிக்கப்பட்டதா, பின்னர் ஒதுக்கப்படுவதா என்பதைப் பணம் வாங்கும் முன் எழுத்தில் தெரிவிக்காமல் கப்பல் அறைகளை விற்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்கீழ் முகவருக்குத் தடை போட்டிருந்தார்கள். மேல்முறையீட்டுக்குப் போக உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். அவர்கள் போகவில்லை. பணம் வந்து சேர்ந்தது.

குழந்தைகளோடு கப்பலுக்குப் போகும் சிலர் இப்போது பதிவுப் படிவத்தை என்னிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். எல்லாக் குழந்தைகளின் பிறந்த தேதியும் முதல் பதிவிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பல கப்பல்களில் ஏற்றவே மாட்டார்கள். நீண்ட கடல் பயணங்களுக்கு ஒரு வயது கேட்பார்கள். அறை எண்களை வாங்கித் தளவரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். மேலே நீச்சல்குளத் தளமோ கீழே அரங்கமோ இருந்தால் குழந்தை தூங்காது. ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறை நல்லது. மின்தூக்கி பக்கத்தில் இருந்தால் தள்ளுவண்டிக்கும் மூட்டுவலிக்கும் சேர்த்து உதவும். மடக்குத் தொட்டிலை முன்பே கேட்டு வைக்க வேண்டும். அதை விரித்தபின் நடக்க இடம் இருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண பால்கனி அறை பெரும்பாலும் 200 சதுர அடியை எட்டாது. நான்கு பேரை ஓர் அறையில் அடைப்பதைவிட, நடுவே கதவு உள்ள இரண்டு சிறிய அறைகள் பல குடும்பங்களுக்குப் பொருந்தும். குளியலறையும் இரண்டு கிடைக்கும்.

அண்மையில் வேறொரு கட்சிக்காரர் மூலம் அதே முகவரின் புதிய படிவம் என் கைக்கு வந்தது. கைக்குழந்தைகளுக்குத் தனி நிரல் இருக்கிறது. 'குறித்த அறை', 'கப்பல் ஒதுக்கும் அறை' என்று இரண்டு கட்டங்கள். எதிரே வாடிக்கையாளரின் கையெழுத்து. உட்கதவு உள்ள அறையா என்ற கேள்வியும் உண்டு. பெற்றோரும் குழந்தைகளும் ஒரே கூடுமிடத்தில்தானா என்ற கேள்வி மட்டும் இன்னும் இல்லை. அதையும் சேர்க்கச் சொல்லி முகவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.